கோள் சொன்ன கைக்கடிகாரம்

அத்தியாயம் 3

"கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் மேடம். யாருன்னு எனக்குத் தெரியும். ஆதாரம்தான் வேணும்."

சொன்னவள் சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்துநாலு வயது. மென்பொருள் எழுதுகிறவள். அழுது முடித்த முகம் இல்லை, அழக்கூடாது என்று இழுத்துப் பிடித்து வைத்திருந்த முகம். மேஜை அவளுடையது இல்லை, அவள் அக்காவுடையது. வீடும் அக்காவுடையதுதான். புதன்கிழமை சாயங்காலம் ஒரு பெட்டியோடு வந்தவள். இன்று திங்கள். பெட்டி இன்னும் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது.

"யாரு?" என்றார் டீச்சர்.

"என் வீட்டுக்காரர்."

டீச்சர் என்பது பட்டப்பெயர் மட்டும் இல்லை. இருபத்தாறு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். துப்பறியும் தொழிலுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியும் வேறு பெயர் ஒட்டவில்லை. பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த உதவியாளனுக்குச் சில்லறை என்று பெயர். பஸ் கண்டக்டராக இருந்தவன். அந்தக் காலத்தில் மீதியைக் கொடுக்க மறந்தாலும் மறப்பானே தவிர, பதிலைக் கொடுக்க மறந்ததே இல்லை என்று சொல்வார்கள்.

"ஆதாரம் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"அஞ்சு மணிக்கு எங்க அண்ணன் கார் எடுத்துட்டு வர்றார். அவர் ஊருக்கே போயிடுவேன். போனா திரும்பி வர மாட்டேன். வக்கீல்கிட்டயும் பேசியாச்சு."

சமையலறை வாசலில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், இவ சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. கண்ணாடிக் கடையில கண் பரிசோதிக்கிற அந்த மனுஷன், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டார்."

"ஈ எறும்புக்கு லெட்டர் போடலைக்கா. எனக்குத்தான் போட்டிருக்கார்."

மேஜையில் மூன்று கடிதங்கள் கிடந்தன. கணினியில் அடித்து அச்செடுத்தவை. கையெழுத்து இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. மூன்றும் அவள் அலுவலக முகவரிக்குத் தபாலில் வந்தவை. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சில்லறை, படி."

"முதல் லெட்டர். 'நேற்று இரவு நான்கு தடவை எழுந்திருக்கிறீர்கள். இப்படியே போனால் உடம்பு தாங்காது. ஓய்வு எடுங்கள்.' ரெண்டாவது. 'புதன்கிழமை பதினோரு மாடி படியேறினீர்கள். உங்கள் நிலைமையில் ஏறக் கூடாது. வேலையை விட்டாலும் பரவாயில்லை.' மூணாவது..." சில்லறையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "'ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படுக்கையிலேயே இருந்தீர்கள், ஒரு அடிகூட நடக்கவில்லை. மிகவும் நல்லது. குழந்தை தங்கும்வரை இப்படியே இருங்கள்.'"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எட்டு வாரம்," என்றாள் அவள். "இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலை. அதனால இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லலை. அக்காவுக்கே புதன்கிழமைதான் தெரியும். தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். 'பிரசவம் வரைக்கும் வேலையை விட்டுடு'ன்னு ஒரு மாசமா சொல்லிட்டு இருந்தவரும் அவர்தான். வாயால சொல்லி நடக்கலை, லெட்டர் போட ஆரம்பிச்சுட்டார்."

"நீங்க நாலு தடவை எழுந்தது அவருக்கு எப்படித் தெரியும்? தூங்காம எண்ணிட்டு இருந்தாரா?"

"என் கைக்கடிகாரம். எத்தனை அடி நடந்தேன், எத்தனை மணி தூங்கினேன், நாடி எவ்வளவு அடிக்குது, எல்லாம் அதுல பதிவாகும். அதுக்குள்ளேயே சிம் இருக்கு, தானா அனுப்பிடும். அதைத் திருட்டுத்தனமா பார்த்திருக்கார். புதன்கிழமை மூணாவது லெட்டர் வந்ததும் வீட்டுக்குப் போனேன். கடிகாரத்தைக் கழட்டி அவர் முன்னாடி வச்சேன். 'இதை வச்சுத்தானே வேவு பார்த்தீங்க, நீங்களே வச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. தப்பு பண்ணினவங்க என்ன சொல்வாங்க?"

"தப்பு பண்ணாதவங்களும் சில சமயம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றான் சில்லறை. "டிக்கெட் வச்சிருந்தும் என்னைப் பார்த்ததும் முழிப்பாங்க பாருங்க, அந்த மாதிரி."

டீச்சர் மூன்றாவது கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். காப்பியடித்தவனைச் சரியான விடையில் பிடிக்க முடியாது, தப்பான விடையில்தான் பிடிக்கலாம் என்பது அவர் விடைத்தாள் திருத்திக் கற்றது.

"அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே இருந்தீங்களா?"

"இல்லையே. குழந்தைன்னு படிச்சதும் மத்தது எதுவும் மனசுல பதியலை. ஜன்னல் துணி வாங்கப் போனோம். காலையில போனவங்க சாயங்காலம்தான் வந்தோம். பத்துக் கடை ஏறி இறங்கியிருப்போம்."

"போனோம்னா?"

"நானும் அவரும்."

"பையைத் தூக்கினது?"

"அவர்தான்."

"கடிகாரம் கையில இருந்துதா?"

அவள் யோசித்தாள். "இல்லை. சார்ஜ்ல போட்டுட்டு எடுக்க மறந்துட்டேன். கட்டில் பக்கத்துலயே கிடந்துது."

"சார்ஜ்ல கிடந்ததைத்தான் படுத்துக் கிடந்தீங்கன்னு எழுதியிருக்கான்!" சில்லறை நோட்டை மூடினான். "டீச்சர், இந்த ஆளு இவங்களைப் பார்க்கலை. கடிகாரத்தை மட்டும்தான் பார்த்திருக்கான்."

"நாள் முழுக்கக் கூட நடந்து, பை சுமந்த மனுஷன், 'ஒரு அடிகூட நடக்கலை, மிகவும் நல்லது'ன்னு பாராட்டி எழுதுவாரா?" என்றார் டீச்சர். "அம்மா, உங்க வீட்டுக்காரர் இந்த லெட்டரை எழுதலை."

அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. எழுதினவன் தெரிந்தவனாக இருந்தவரைக்கும் அந்தப் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது.

"அப்ப வேற யாரோ ஒருத்தன் என் உடம்பைப் பார்த்துட்டு இருக்கானா?"

"கடிகாரம் அனுப்புற விவரம் வேற எங்கே போகுது? வேற எதோடயாவது இணைச்சிருக்கீங்களா?"

"மச்சானோட இணைச்சிருந்தேன்," என்றாள்.

சில்லறை நிமிர்ந்தான். "யாரு மச்சான்?"

"ஆள் இல்லைங்க. கோட் எழுத எங்களுக்கு உதவி பண்ற ஏஐ. டீம்ல எல்லாரும் செல்லமா மச்சான்னு கூப்பிடுவோம்."

"என் மச்சான் பத்து வருஷமா ஒரு உதவியும் பண்ணதில்லை. இந்த மச்சான் எவ்வளவோ மேல்."

"அதோட எதுக்கு இணைச்சீங்க?" என்றார் டீச்சர்.

"நாங்க எழுதுறது லிஃப்ட் ஓட்டுற மென்பொருள். ஆறு மாசத்துக்கு முன்னாடி கண்ணு சொருகச் சொருக ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியால ஒரு கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ளே ஒரு அம்மாவும் பிள்ளையும், நாப்பது நிமிஷம். அதுக்கப்புறம்தான் இணைச்சேன். காலையில லேப்டாப்பைத் திறந்ததும் மச்சான் என் தூக்கத்தைப் பார்க்கும். அஞ்சு மணி நேரத்துக்குக் குறைச்சலா தூங்கியிருந்தா, 'இன்னைக்கு முக்கியமான இடத்துல கை வைக்காதீங்க'ன்னு தடுக்கும். ஆனா அது என் லேப்டாப்புல மட்டும்தான். அதையும் புதன்கிழமை நிறுத்திட்டேன். கடிகாரமே இல்லை, இனிமே எதுக்குன்னு."

டீச்சர் எழுந்தார். "மணி என்ன?"

"ஒண்ணு இருபது," என்றான் சில்லறை. "அண்ணன் வர இன்னும் மூணே முக்கால் மணி... இல்லை, மூணு மணி நாப்பது நிமிஷம். கணக்கு டீச்சர் முன்னாடி தப்பாச் சொல்லிடப் போறேன்."

*

அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் மென்பொருள் எழுதும் கம்பெனியின் லிஃப்ட்டில், 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது.

"இதை நம்பி ஊர்ல எத்தனை பேர் ஏறுறாங்களோ," என்று மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினான் சில்லறை.

டீம் லீடர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு போன், கையில் ஒரு போன். கடிதங்களைப் படித்ததும் இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டார்.

"உங்க லேப்டாப்புல மச்சான் இருக்கா?" என்றார் டீச்சர்.

"எல்லார்கிட்டயும் இருக்கு. அவங்களோட சேர்த்து நாங்க ஆறு பேர்."

"மூணு வாரத்துக்கு முன்னாடி, முதல் லெட்டர் வந்த சமயம், வேலை ஏன் தாமதம்னு மச்சான்கிட்ட கேட்டிருப்பீங்களே?"

"தினம் கேட்பேன்."

"அதுக்கு அது சொன்ன பதிலைக் காட்டுங்க."

லீடர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு பழைய உரையாடலை மேலே தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினார். டீச்சர் குனிந்து படித்தார்.

'கதவு மூடும் பகுதி முடியவில்லை. அதை எழுதுபவர் நேற்று இரவு நான்கு தடவை எழுந்திருக்கிறார். மூன்று மணி நேரமே தூக்கம். ஓய்வு நாடித்துடிப்பு எண்பத்திரண்டு, வழக்கத்தைவிடப் பத்து அதிகம். இன்று அவரிடம் முக்கியமான மாற்றங்களைக் கொடுக்க வேண்டாம் என்பது என் யோசனை.'

சில்லறை விசிலடிக்க வாயைக் குவித்தவன், டீச்சரைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"இது எப்படி உங்ககிட்ட வந்துது?"

லீடர் ஏதோ ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. "இணைப்புக்கான ஃபைலை அவங்க தன்னோட லேப்டாப்புல வைக்கலை மேடம். டீமோட பொது ஃபோல்டர்ல வச்சிருக்காங்க."

"ஏன் அப்படி வச்சாங்க?"

"பழக்கம். எதை எழுதினாலும் உடனே பொதுவுல போட்டுடணும், ஒருத்தர் லேப்டாப் செத்தாலும் வேலை சாகக் கூடாதுன்னு இங்கே சேர்ற அன்னைக்கே சொல்லிக் கொடுக்கிறோம். கை தானா போட்டிருக்கும். அந்த ஃபோல்டரை யார் மச்சான் திறந்தாலும் அவங்க கடிகாரத்தைப் படிக்கும். அவங்க புதன்கிழமை நிறுத்தினது தன்னோடதை மட்டும்தான். எங்க எல்லாரோடதும் இன்னும் ஓடிட்டு இருக்கு."

"சொந்த வீட்டுக் கதவைப் பூட்டிட்டு, சாவியை நோட்டீஸ் போர்டுல மாட்டியிருக்காங்க," என்றான் சில்லறை.

"இப்ப, என் கண் முன்னாடி அதை அழிங்க," என்றார் டீச்சர். லீடர் அழித்தார். "ஆறு மாசமா இது வந்துட்டே இருந்திருக்கு. அவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையா?"

லீடர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "எல்லாருமே பார்த்தோம் மேடம். ஒரு பொம்பளைகிட்ட போய், 'நீங்க ராத்திரி நாலு தடவை எழுந்தீங்களாமே'ன்னு எப்படிக் கேட்கிறது? கேட்காம இருக்கிறதுதான் மரியாதைன்னு நினைச்சுட்டோம்."

"பார்க்காம இருந்திருந்தா மரியாதை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் விடவில்லை.

"எண்பத்திரண்டு, பத்து அதிகம்னு வந்துதே. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்க ஆட்களுக்குத் தெரிஞ்சுதா?"

"காய்ச்சலா இருக்கும்னு பேசிக்கிட்டோம். எங்களுக்கு என்ன மேடம் தெரியும், எங்களுக்கே அஞ்சு பேருக்கும் முதுகு வலி."

"மூணாவது லெட்டர்ல தபால் முத்திரை செவ்வாய்க்கிழமை. அதுக்கு முந்தின நாள் அவங்க ஆஃபீஸ் வந்தாங்களா?"

"வந்தாங்க. ஞாயிற்றுக்கிழமை கடை கடையா அலைஞ்ச கதையைச் சொன்னாங்க. ஜன்னல் துணி போட்டோ காட்டினாங்க. ஒரு பெரிய பிஸ்கெட் டப்பா வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தாங்க."

"எல்லாருக்கும்?"

"அஞ்சு பேரும் சாப்பிட்டோம்."

டீச்சர் சில்லறையைப் பார்த்தார். சில்லறைக்கு விளங்கிவிட்டது. "பிஸ்கெட் தின்ன யாரும் செவ்வாய்க்கிழமை போய், 'ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தீங்க'ன்னு எழுத மாட்டாங்க. எழுதினது பிஸ்கெட் கிடைக்காத ஆள்."

"அந்த ஃபோல்டரைத் திறக்கிறவங்க, ஆனா இந்த ரூம்ல உட்காராதவங்க. எண்பத்திரண்டைப் பார்த்ததும் காய்ச்சல் இல்லை, கர்ப்பம்னு சொல்லத் தெரிஞ்சவங்க." டீச்சர் லீடர் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு ஆள் உண்டா?"

"இல்லையே..." என்றவர் நிறுத்தினார். "கையேட்டம்மா. லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குக் கையேடு எழுதித் தர்றவங்க. வீட்டுலேர்ந்துதான் வேலை, இங்கே வந்ததே இல்லை. நாங்க என்ன மாத்தினோம்னு மச்சான்கிட்ட கேட்டுத்தான் எழுதுவாங்க."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"ஏதோ ஆஸ்பத்திரியில நர்ஸ். பிரசவ வார்டுன்னு சொன்ன ஞாபகம்."

*

கையேட்டம்மா கதவைத் திறந்ததும் அவர்களைப் பார்த்தார், சில்லறையின் கையிலிருந்த மூன்று உறைகளைப் பார்த்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. "வந்துட்டீங்களா," என்றார், எதிர்பார்த்த விருந்தாளியிடம் சொல்வதுபோல. "உள்ளே வாங்க. அந்தப் பொண்ணு எப்படி இருக்கா? உயிரோட இருக்காளா?"

டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றார். "ஏன் அப்படிக் கேட்கிறீங்க?"

"முதல்ல சொல்லுங்க."

"ஒண்ணரை மணி நேரத்துக்கு முன்னாடி பேசிட்டு வந்தோம்."

அம்மாள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மேஜையில் ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், பாதி எழுதிய கையேடு. அதன் மேல் நான்காவது கடிதம், உறை போடாமல்.

"பேர் போடாம ஏன் எழுதினீங்க?"

"பேர் போட்டா, நீ எப்படிப் பார்த்தேன்னு கேட்பாங்க. அந்தக் கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லித்தான் என் வேலை போச்சு. வார்டுல ஒரு பொண்ணோட விஷயத்தை அவ நாத்தனார்கிட்ட சொல்லிட்டேன். நல்லதுக்குன்னுதான் சொன்னேன்."

"என்ன ஆச்சு?"

"அந்தப் பொண்ணை வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கு மேல கேட்காதீங்க."

"இங்கேயும் நல்லதுக்குத்தான் எழுதினீங்க," என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "இந்தப் பொண்ணு தானாவே வீட்டை விட்டு வந்துட்டா. புருஷன்தான் எழுதினார்னு நினைச்சுட்டா."

அம்மாள் கையை நீட்டிப் பிரிண்டரை அணைத்தார்.

சில்லறை நான்காவது கடிதத்தை எடுத்துப் படித்தான். "'நாடி எண்பத்திரண்டிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. ஐந்து இரவுகளாகத் தூக்கமே இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தயவுசெய்து.' இதை ஏன் அனுப்பலை?"

"எப்படி அனுப்புறது?" அம்மாள் கண்ணாடியைக் கழட்டினார். "குழந்தை தங்கினா நாடி ஏறும். அது இறங்கிப் போச்சுன்னா... எண்ணை மட்டும் வச்சு உறுதியா சொல்ல முடியாது. ஆனா நான் இருபது வருஷம் வார்டுல நின்னவ. போயிடுச்சுன்னு மனசு சொல்லுது. ஏற்கெனவே பறிகொடுத்த பொண்ணாட்டம் இருக்கு, இவ்வளவு பயந்து பயந்து படுக்கிறா. அவகிட்ட இதைத் தபால்ல எப்படிச் சொல்றது? ராத்திரியெல்லாம் நடக்கிறா. இருபது அடி, நிக்கிறா, திரும்ப இருபது அடி. குழந்தையைப் பறிகொடுத்தவங்க வராந்தாவுல இப்படித்தான் நடப்பாங்க, நான் பார்த்திருக்கேன்."

சில்லறை கடிதத்தை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தான்.

டீச்சர் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். "அம்மா, இப்ப உடம்பு எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

"காலையிலேர்ந்து வாந்தி மேடம். அக்கா எதைத் தாளிச்சாலும் வாந்தி. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். நல்லா தூங்குறேன்னு வேற அக்கா திட்டுறா."

"தூங்குறீங்களா?"

"பத்து மணிக்குப் படுத்தா ஏழு மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன். ஏன்?"

"பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்."

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "வாந்தி இருக்கா? தூங்குறாளா? அப்ப அறுபத்தொண்ணு?"

"நாடி எப்படி இறங்கிச்சு? கொஞ்சம் கொஞ்சமாவா?"

"இல்லை, ஒரே ராத்திரியில. புதன்கிழமை ராத்திரி."

"ஒரே ராத்திரியில இருபத்தொண்ணு இறங்குமா?"

அம்மாள் யோசித்தார். நர்ஸாக யோசித்தார். "இறங்காது," என்றார் மெதுவாக. "பயத்துல அதைப் பார்க்காம விட்டுட்டேன்."

"டீச்சர்," என்றான் சில்லறை, "நோயாளி மாறிட்டாங்க. புதன்கிழமை சாயங்காலம்தானே இவங்க கடிகாரத்தைக் கழட்டி வச்சுட்டு வந்தாங்க?"

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டினார். வாசலில் அம்மாள் பின்னாலேயே வந்தார்.

"போலீசுக்குச் சொல்லப் போறீங்களா?"

"அதை அந்தப் பொண்ணு முடிவு பண்ணட்டும். நீங்க முதல்ல இன்னொரு லெட்டர் எழுதுங்க. பேர் போட்டு."

*

ஆட்டோவில் டீச்சர் சொன்னபடியே போன் செய்தார். யார் எழுதியது, எப்படித் தெரிந்தது என்று சுருக்கமாகச் சொன்னார்.

"அப்ப என் உடம்பைப் பத்தி அத்தனை பேருக்கும் சொன்னது யாரு மேடம்?"

"நீங்கதான். தெரியாம. ஒரு ஃபைலை மாத்தி வச்சு."

"அவரை நான்..." அவள் முடிக்கவில்லை. "அண்ணன் வந்துட்டார். சீக்கிரமே வந்துட்டார். கீழே ஹாரன் அடிக்கிறார்."

"அரை மணி நேரம் கேளுங்க."

*

மூக்குக் கண்ணாடிக் கடையின் உள்ளறையில் வெள்ளை கோட்டு போட்ட ஒருவன், ஒரு பெரியவரின் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டிருந்தான். பெரியவரின் தாடை இயந்திரத்தில் இருந்தது. லென்சை மாற்றக் கையை உயர்த்தியபோது கோட்டுக் கை மேலே ஏறியது. உள்ளே, கடைசித் துளையில் இறுக்கிக் கட்டிய ரோஸ் நிற வார்.

"கடிகாரம் நல்லா இருக்கு," என்றான் சில்லறை. "கொஞ்சம் சின்னதோ?"

அவன் கையைச் சட்டென்று கீழே விட்டான். டீச்சர் தான் யார் என்று சொன்னார். கடிதம் யார் எழுதியது என்றும் சொன்னார். அவன் தலையை மட்டும் அசைத்தான். கண்ணுக்குக் கீழே கருப்பாக வீங்கியிருந்தது.

"அஞ்சு நாளா ஏன் இதைக் கட்டியிருக்கீங்க?"

"நான் அவளை வேவு பார்க்கிறேன்னு சொன்னா. பேசினா நம்ப மாட்டா. சரி, அவ என்னைப் பார்க்கட்டும்னு கட்டிக்கிட்டேன். காலையில லேப்டாப்பைத் திறந்தா அந்த மச்சான் சொல்லுமே, ராத்திரி எவ்வளவு தூங்கினாங்கன்னு. என் நாடி அவளுக்குத் தெரியும். பார்த்ததும் புரிஞ்சுப்பான்னு நினைச்சேன்." அவன் வாரைத் தடவினான். "பார்த்திருப்பா. பார்த்தும் கூப்பிடலை."

டீச்சருக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னார். "அவங்க பார்க்கலை. புதன்கிழமையே தன் லேப்டாப்புல நிறுத்திட்டாங்க."

"அப்ப அஞ்சு ராத்திரியா நான் யாருக்குக் காட்டிட்டு இருந்தேன்?"

"கூட வேலை பார்க்கிற அஞ்சு பேருக்கு," என்றான் சில்லறை. "அப்புறம் ஒரு நர்ஸம்மாவுக்கு. உங்களுக்காக ரொம்பத் தவிச்சிருக்காங்க. பிள்ளை போயிடுச்சுன்னு நினைச்சு."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. தாடையை இயந்திரத்தில் வைத்திருந்த பெரியவர், "தம்பி, நான் எடுக்கலாமா?" என்றார்.

"இருங்க சார், ஒரு நிமிஷம்." அவன் டீச்சர் பக்கம் திரும்பினான். "குற்றவாளி நான் இல்லைன்னு ஆயிடுச்சு, வீட்டுக்கு வந்துடுவான்னு நினைக்கிறீங்களா மேடம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"மூணு காகிதம் வந்ததும் முதல்ல என் மூஞ்சி ஞாபகம் வந்திருக்கே. அது அந்தக் காகிதத்தால வந்ததில்லை. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பும்போது கார்ல ஒண்ணு சொன்னேன். 'நீ அந்த லேப்டாப்பை மூடி வச்சிருந்தா இது நடந்திருக்காது'ன்னு. அவ பதில் பேசலை. ரெண்டு வருஷமா பேசலை. இப்பதான் பேசியிருக்கா."

துப்பறிகிறவர் இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. டீச்சர் அவள் எண்ணை அழுத்தி, போனை அவன் கையில் கொடுத்தார். அவனுக்கு எது எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை, ஒலிபெருக்கியிலேயே பேசினான்.

"நான்தான்."

"ம்."

"கார் வந்துடுச்சாமே."

"வந்துடுச்சு. அண்ணன் பெட்டியை ஏத்திட்டார்."

"போறியா?"

"நீங்க சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா, அப்புறம் அதுவும் நான் சொன்னதா ஆயிடும்."

மறுபக்கம் கார்க் கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. சில்லறை சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ராத்திரியெல்லாம் நடந்தீங்களாமே," என்றாள் அவள்.

"உனக்கு யார் சொன்னா?"

"அந்த நர்ஸம்மா இப்பதான் ஆஃபீஸ்ல நம்பர் வாங்கிக் கூப்பிட்டாங்க. பேரைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் பேச வரலை. வச்சுட்டேன்." பின்னால் ஹாரன் ஒரு தடவை கேட்டது. "அன்னைக்குக் கார்ல நீங்க சொன்னது உண்மைன்னு நினைச்சுத்தான் சொன்னீங்களா?"

அவன் கையிலிருந்த லென்சை டப்பாவில் வைத்தான்.

"அன்னைக்கு அப்படித்தான் நினைச்சேன்," என்றான். "யார் மேலயாவது போடணும் போல இருந்துது. என் மேல போட்டுக்கத் தைரியம் இல்லை."

பிறகு அவள் குரல், கொஞ்சம் தள்ளியிருந்து, அண்ணனிடம் ஏதோ சொன்னது. திரும்பி வந்தபோது அது தழைந்திருந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்கேன். இங்கே, நம்ம டாக்டர்கிட்ட. அண்ணன் ஊருக்குப் போனா தவறிடும்."

"ம்."

"போன ரெண்டு தடவையும் நீங்க வெளியிலேயே உட்கார்ந்திருந்தீங்க."

"கூப்பிடுவாங்கன்னு உட்கார்ந்திருந்தேன்."

"நானும் நீங்களா வருவீங்கன்னு பார்த்துட்டே படுத்திருந்தேன்."

அதோடு போன் நின்றது. அவள் வைத்தாளா, தானே துண்டித்துக்கொண்டதா என்று தெரியவில்லை. அவன் அதைத் துணியால் துடைத்து டீச்சரிடம் கொடுத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"தம்பி," என்றார் பெரியவர், "கழுத்து வலிக்குது. வேணும்னா நான் நாளைக்குக் காலையில வரட்டுமா?"

"வேண்டாம் சார். நாளைக்குக் காலையில கடை திறக்காது. இன்னைக்கே பார்த்து முடிச்சிடலாம். தாடையை மட்டும் எடுக்காதீங்க."